கப்பல் நலம்

இது கதை இல்லைங்க. கதையா இருந்தா என் ரெண்டு உள்ளங்கையிலயும் இந்தத் தழும்பு இருக்காது. சந்தேகம் இருக்கிறவங்க பெரம்பலூர்ல நான் ரெண்டு நாள் படுத்திருந்த ஆஸ்பத்திரியோட டிஸ்சார்ஜ் சீட்டைப் பாருங்க. ‘வெயில் தாக்கம்’னு ஒரே வரியில முடிச்சிருக்காங்க. அந்த ஒரு வரிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு நான் சொல்றேன்.

இன்னொண்ணும் முதல்லயே சொல்லிடுறேன். பேய்னா ராத்திரி, மழை, நாய் ஊளைன்னு எதிர்பாத்து உக்காந்துடாதீங்க. எனக்கு நடந்தது பட்டப்பகல்ல. மே 25, ஞாயித்துக்கிழமை. பன்னெண்டு பத்துலேருந்து ஒண்ணு ஏழு வரைக்கும். கத்திரி வெயில் மண்டையைப் பொளந்துக்கிட்டு இருந்துச்சு. சுத்தி எங்க பாத்தாலும் வெள்ளை வெளேர்னு சுண்ணாம்புக் கல்லு. ஒளிஞ்சுக்க ஒரு நிழல்கூட இல்லாத இடத்துல நடந்தது.

என் பேரு மணிமாறன். சொந்த ஊரு உடையார்பாளையம் பக்கம். சென்னையில ஒரு தனியார் கம்பெனியில இன்ஜினியர். கம்பெனி பேரைக் கேக்காதீங்க. ராணுவத்துக்கு ரேடியோ பெட்டி செய்யுறவங்க.

சாதாரண ரேடியோ இல்லை. தரையில போற ராணுவ வண்டி, மேல பறக்குற விமானம், கடல்ல நிக்கிற கப்பல்... இந்த மூணும் டவர் இல்லாம, ஆபீஸ் இல்லாம, ஒண்ணுக்கொண்ணு நேரா பேசிக்கணும். ஒரு வண்டி பாத்ததைக் கப்பலும் பாக்கணும். ஒரு பெட்டிக்கு சிக்னல் எட்டலைன்னா பக்கத்துப் பெட்டி வாங்கிக் கைமாத்திக் கொடுக்கும். அதுதான் எங்க சரக்கு.

சோதனை பண்ண நிஜக் கப்பலும் நிஜ விமானமும் எவன் கொடுப்பான்? அதனால ரெண்டு ஜீப்பை வண்டின்னு வெச்சுக்குவோம். ஒரு ட்ரோனை விமானம்னு வெச்சுக்குவோம். தகரக் கேபின் வெச்ச ஒரு மினி லாரிதான் கப்பல். கடல்ல கப்பல் கண்ணுக்கெட்டாத தூரத்துல மறைஞ்சு நிக்கும் இல்லையா? அதுக்காக அந்த லாரியை அரியலூர் பக்கத்துல ஒரு கைவிட்ட சுண்ணாம்புக்கல் குவாரிக்குள்ள, நூத்திருவது அடி பள்ளத்துல கொண்டுபோய் நிறுத்துவோம். அங்க செல்போன் எடுக்காது. ட்ரோன் மேல பறந்தாத்தான் பெட்டியே பேசும்.

கன்ட்ரோல் ரூம் அரியலூருக்கு வெளிய ஒரு கல்யாண மண்டபம். மணவறை மேடையில பெரிய திரை. வண்டி, விமானம், கப்பல் எல்லாம் அதுல பச்சைப் புள்ளியாத் தெரியும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பெட்டியில இருக்கிறவனும் ஒரு பட்டனை அழுத்தணும். உடனே திரையில ‘வண்டி நலம்’, ‘கப்பல் நலம்’னு பதிவாகும். அழுத்தலைன்னா புள்ளி சிவப்பாயிடும். பாக்க வந்த ராணுவ அதிகாரிங்க முகமும் சிவப்பாயிடும்.

அதனால எங்களுக்குள்ள ஒரு பழக்கம். யாராவது அழுத்த மறந்தா, கன்ட்ரோல்ல இருக்கிறவனே தன் கையால ‘நலம்’ போட்டுடுவான். ‘கை நலம்’னு அதுக்குப் பேரு. எல்லாரும் செய்யறதுதான்.

இன்னொரு சோதனை இருக்கு. பேரு ‘வெட்டு’. ஒரு பெட்டி எதிரி கையில மாட்டிக்கிட்டா, கன்ட்ரோல்லேருந்து அதை வெட்டிடுவோம். அப்பறம் அந்தப் பெட்டி தொண்டை கிழியக் கத்தினாலும் வேற எந்தப் பெட்டியும் காதுல வாங்காது. இங்க இருந்து பேசுறதும் அதுக்குக் கேக்காது. எதிரியோட பேச்சுன்னு தள்ளிடும். எங்க பெட்டியோட பெருமையே அதுதான்.

இப்ப போன வருஷத்துக்கு வாங்க. ஜூன் 4.

அன்னிக்குக் கப்பல்ல இருந்தவரு வீரமுத்து. விக்கிரமங்கலத்துக்காரரு. அம்பத்திரண்டு வயசு, டிராக்டர் டிரைவர். தினக்கூலிக்குப் பிடிச்ச ஆளு. பட்டன் அழுத்தத் தெரிஞ்சா போதும்னு உக்கார வெச்சோம். எங்கள்ல யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “ஏ கப்பல், சாப்ட்டியா?” “கப்பல், தள்ளி நில்லு.” அவரும் சிரிச்சுக்கிட்டே, “கப்பல் பேசுறேன் சார்”னுதான் ஹெட்போன்ல வருவாரு.

பெட்டி ரகசியமானது, வேடிக்கை பாக்க ஊர்ப் பசங்க வர்றாங்கன்னு கேபினை வெளிய பூட்டிடுவோம். சாவி கன்ட்ரோல்ல. உள்ள ஏசி ஓடும்.

அன்னிக்கு ஒண்ணு அம்பதுக்குப் பூட்டைத் தொறந்தப்போ வீரமுத்து செத்துக் கிடந்தாரு.

மாரடைப்புன்னு எழுதினாங்க. ஏசியோட ஜெனரேட்டர் நின்னு போயிருந்துச்சு, ஆனா கடைசி வரைக்கும் கம்ப்யூட்டர்ல ‘கப்பல் நலம்... கப்பல் நலம்...’னு வரிசையா பதிவு இருந்துச்சு. நல்லா இருந்த மனுஷன் பொசுக்குன்னு போயிட்டாரு, யார் மேலயும் தப்பில்லைன்னு விசாரணையை மூடிட்டாங்க. கன்ட்ரோல்ல உக்காந்திருந்தது நான்தான். என்னையும் ஒரு வார்த்தை தப்பா கேக்கல.

இந்த வருஷம் திரும்பவும் அதே குவாரி, அதே லாரி. திங்கக்கிழமை அதிகாரிங்க வர்றாங்க, ஞாயித்துக்கிழமை ஒத்திகை. கப்பல்ல உக்கார உள்ளூர்ல ஒரு ஆளும் வரல. இருந்த ஒரே டிரைவர் அங்கமுத்து. அவனும் விக்கிரமங்கலம்தான்.

“லாரியைக் கொண்டுபோய் விடுறேன் சார். உள்ள மட்டும் உக்காரச் சொல்லாதீங்க”ன்னான்.

எங்க மேனேஜர் சிவசுப்பிரமணியன் என்னைப் பாத்தாரு. “நீதான் பெரிய பகுத்தறிவு பேசுறவனாச்சே. நீ போ மணி. கன்ட்ரோலை மேகலா பாத்துக்குவா.”

மேகலா வேலைக்குச் சேந்து எட்டு மாசம்தான் ஆச்சு. கெட்டிக்காரப் பொண்ணு. போன வருஷக் கதை அவளுக்குத் தெரியாது. நான் போறேன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? ‘பயமா இருக்கு’ன்னு ஒரு இன்ஜினியர் சொல்ல முடியுமா?

காலையில 9.40க்கு லாரி குவாரிக்குள்ள இறங்குச்சு. அடியில பச்சைப் பசேல்னு தேங்கின தண்ணி. அதோட கரையில நிறுத்தினான் அங்கமுத்து. ஜெனரேட்டரைப் போட்டான். ஏசி ஓடுச்சு. முன் பம்பர்ல ஒரு எலுமிச்சம்பழத்தைச் சொருகினான்.

“எதுக்குடா இது? சாத்துக்குடியா இருந்தாலாவது ஜூஸ் போட்டுக் குடிக்கலாம்.”

அவன் சிரிக்கல. “நா மேல மேட்டுல நிக்கிறேன் சார். உச்சி வேளையில இங்க நிக்க மாட்டேன்.”

போயிட்டான். சரியான பயந்தாங்கொள்ளின்னு நெனச்சுக்கிட்டேன்.

போன வருஷத்துக்கப்பறம் பூட்டை எடுத்தாச்சு. கதவுக்கு உள்ள கைப்பிடி வெச்சாச்சு. வெளிய பழைய தாழ்ப்பாள் மட்டும் இருந்துச்சு, துருப்பிடிச்சு இறுகிப் போய். நான் ஏறும்போது ஒரு தடவை தள்ளிப் பாத்தேன். அசையல. நிம்மதியா உள்ள போனேன்.

புதுசா பெயின்ட் அடிச்சிருந்தாங்க. ஆனா தகரத்துல, கதவுக்குப் பக்கத்துல, சின்னச் சின்னதா ஒடுக்கு. உள்ளேருந்து வெளிய பாத்து ஒடுங்கியிருந்துச்சு. எல்லாம் ஒரே உயரத்துல. உக்காந்திருக்கிற ஆளோட கை எட்டுற உயரத்துல.

நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உக்காந்துக்கிட்டேன்.

11.30க்கு ஹெட்போன்ல மேகலா. “சார், உங்க நலம் ரெண்டு தடவை வருது.”

“ரெண்டு தடவையா?”

“ஒண்ணு நீங்க அழுத்துறது. நாலு செகண்ட் கழிச்சு இன்னொண்ணு.”

“ரெண்டு வழியா சுத்தி வருதும்மா. ஒண்ணு ட்ரோன் வழியா, ஒண்ணு ஜீப் வழியா. இதுகூடத் தெரியாதா?” எரிஞ்சு விழுந்தேன்.

“ரெண்டாவது ஜீப்பை மீன்சுருட்டிக்கு அனுப்பியாச்சு சார். முதல் ஜீப் விக்கிரமங்கலத்துல. ரெண்டுக்கும் குவாரி எட்டாது. இப்ப ஒரு வழிதான் இருக்கு.”

“அப்பறம் பாக்கலாம்”னேன்.

12.05க்கு நலம் அழுத்தினேன். 12.10க்கு அட்டவணைப்படி வெட்டு. மேகலா எண்ணினா. “மூணு... ரெண்டு... ஒண்ணு... வெட்டுறேன் சார்.”

டிக்.

ஹெட்போன் செத்துப் போச்சு. இரைச்சல்கூட இல்லை. காதுல பஞ்சு வெச்ச மாதிரி ஆயிடுச்சு. அஞ்சு நிமிஷத்துல கன்ட்ரோல் என் பெட்டியைத் திரும்ப இணைக்கணும், அதுக்குப் பேரு ‘ஒட்டு’. முதல் தடவை தவறினா அரை மணி நேரம் ஆகும். ஒட்டலைன்னா என் புள்ளி சிவப்பாயிடும், உடனே ஜீப்பை அனுப்பணும். அதுதான் ஏற்பாடு.

12.15. ஒட்டல.

12.18... ஜெனரேட்டர் சத்தம் நின்னுச்சு.

டுர்ர்ர்னு ஓடிக்கிட்டு இருந்தது சட்டுனு நின்னுச்சு. ஏசியும் நின்னுச்சு. பெட்டிக்குத் தனி பேட்டரி, அது மட்டும் ஓடுது. பெட்டி மேல வெப்பம் காட்டுற முள் 31ல இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டு இருக்கும்போதே 36க்குப் போச்சு.

சரி, வெளிய போய் டீசல் பாக்கலாம்னு எழுந்தேன். கைப்பிடியைத் திருகினேன். திரும்புச்சு. கதவு தொறக்கல.

தோளால இடிச்சேன். தொறக்கல.

கதவு இடுக்குல கண்ணை வெச்சுப் பாத்தேன். வெளித் தாழ்ப்பாள்... போட்டிருந்துச்சு.

“அங்கமுத்து! டேய், விளையாடாத! தொறடா!”

ரெண்டு உள்ளங்கையாலயும் தகரத்தைத் தட்டினேன். சுர்ர்னு சுட்டுச்சு. தோல் ஒட்டிக்கிட்டு வந்துச்சு. முள் 44.

12.26. ஹெட்போன்ல சத்தம்.

கர்ர்ர்... கர்ர்ர்...

அப்பாடா, மேகலா ஒட்டிட்டான்னு பாஞ்சு எடுத்து மாட்டினேன்.

“கப்பல் பேசுறேன் சார்.”

ஆம்பளைக் குரல். ஜீப்புல இருக்கிற பசங்கள்ல எவனோ கிண்டல் பண்றான்னு நெனச்சேன். கெட்ட கோவம் வந்துச்சு.

“எவன்டா அது? நான்தான்டா கப்பல். ஏசி நின்னுபோச்சு, கதவு மாட்டிக்கிச்சு. ஆளை அனுப்பு.”

கர்ர்ர்...

“கதவைத் தட்டாதீங்க சார். தகரம் சுடும். எனக்குத் தோலே உரிஞ்சு போச்சு.”

அப்பதான் எனக்கு உறைச்சுது. என் பெட்டியை வெட்டியாச்சு. வெட்டின பெட்டிக்கு ஒரு குரலும் வரக் கூடாது. அந்த ப்ரோகிராமை நான்தான் ரெண்டு வருஷம் உக்காந்து எழுதினேன்.

“யாரு?”ன்னேன்.

“கப்பல் சார்.”

அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிஞ்சேன். கதவை உதைச்சேன். கத்தினேன். எவ்வளவு நேரம்னு தெரியல. நாக்கு ஒட்டிக்கிச்சு. பாதி பாட்டில் தண்ணி இருந்துச்சு, ஒரே மடக்குல குடிச்சுட்டேன். முள் 49. கீழ கிடந்த ஹெட்போன்லேருந்து மெதுவா... பொறுமையா...

“கத்தாதீங்க சார். கத்துனா சீக்கிரம் முடிஞ்சுடும்.”

என்ன பண்ணுவீங்க நீங்க? அந்தத் தகரப் பொட்டிக்குள்ள பேசுறதுக்கு இருந்தது அந்தக் குரல் ஒண்ணுதான். எடுத்து மாட்டிக்கிட்டேன்.

“வீரமுத்து...” முதல் தடவையா அந்தப் பேரைச் சொன்னேன். “என்னைக் காப்பாத்துங்க.”

“சும்மா உக்காருங்க சார். கதவுகிட்டப் போவாதீங்க. அந்தப் பக்கம்தான் வெயில். எதுத்த மூலையில உக்காருங்க. வருவாங்க.”

“வருவாங்களா?”

“வருவாங்கன்னுதான் நானும் உக்காந்திருந்தேன்.”

உக்காந்தேன். அவரு சொன்ன மூலையில, அவரு சொன்ன மாதிரியே. கத்தல. தட்டல. அவரு எனக்கு நல்லது சொல்றாருன்னு நம்பினேன். சத்தியமா நம்பினேன்.

12.35.

“வேர்வை வருதா சார்?”

“வருது.”

“நல்லது.”

12.40.

“வேர்வை வருதா சார்?”

“வருது. ஊத்துது.”

“நல்லது.”

அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. சரியா அஞ்சு நிமிஷம். நடுவுல ஒரு வார்த்தை கிடையாது. நான் அழுதேன். என் பொண்டாட்டி பேரைச் சொல்லி அழுதேன். மன்னிச்சுடுங்கன்னேன். எதுக்கு மன்னிப்புன்னு அவரு கேக்கல.

12.55. முள் 53.

“வேர்வை வருதா சார்?”

“...கொஞ்சமா.”

“நல்லது.”

1.00.

“வேர்வை வருதா சார்?”

நெத்தியைத் தொட்டேன்.

காஞ்சு கிடந்துச்சு. காகிதம் மாதிரி.

“இல்ல...”

ஹெட்போனை ரெண்டு கையாலயும் காதோட அழுத்திக்கிட்டேன்.

“அப்ப இனிமே குளிரும் சார்.”

குளிருச்சு.

அந்த அம்பத்து மூணு டிகிரியில... பல்லு கிடுகிடுன்னு ஆடுச்சு. முழங்காலைக் கட்டிக்கிட்டேன். கண்ணு இருட்டுச்சு.

“அப்பறம்?” கேட்டேன்.

கர்ர்ர்...

“வீரமுத்து... அப்பறம் என்ன ஆவும்?”

கர்ர்ர்...

“அப்பறம் எனக்குத் தெரியாது சார்.”

டக்.

கதவு தொறந்துச்சு.

வெளிச்சம் குத்துச்சு. அதுக்கு முன்னால கறுப்பா ஒரு உருவம். நான் அப்படியே தலைகுப்புற வெளிய விழுந்தேன். மண்ணு சுட்டுச்சு, அதுவே சுகமா இருந்துச்சு. மூஞ்சியில தண்ணி விழுந்துச்சு. வாயைத் தொறந்தேன். ஒரு சொம்புத் தண்ணியும் உள்ள போச்சு.

“அது அவருக்கு வெக்கக் கொண்டாந்த தண்ணி”ன்னு ஒரு பொம்பளைக் குரல்.

கண்ணைத் தொறந்து பாத்தேன். அம்பது வயசு இருக்கும். வெறும் நெத்தி. பக்கத்துல தூக்குவாளி, வாழை இலை, கருவாட்டுக் குழம்பு வாசம். உண்ணாமலை. வீரமுத்து சம்சாரம். போன வருஷம் பிணத்தை எடுத்துக்கிட்டுப் போக வந்தப்போ ஒரு தடவை பாத்திருக்கேன்.

அன்னிக்கு வீரமுத்துவோட வருசத் தெவசம். தேதிப்படி பாத்தா இன்னும் பத்து நாள் இருந்துச்சு. திதிப்படி அன்னிக்குத்தான். அவங்க திதி பாக்குறவங்க. வூட்டுல சாமி கும்புட்டு முடிச்சுட்டு, உசுரு போன எடத்துல ஒரு இலை போட வந்திருக்காங்க. அவங்க தம்பி மொபெட்ல மேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டிருக்கான்.

பேச எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. “நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. எப்ப வந்தீங்க?”

“பன்னெண்டே முக்காலுக்கு.”

கையில வாட்ச் இருந்துச்சு. அவங்க தொறந்தது ஒண்ணு ஏழுக்கு.

“பன்னெண்டே முக்காலா? இருவது நிமிசத்துக்கு மேல... எங்க நின்னீங்க?”

“இங்கதான். தகரத்துல காது வெச்சுக்கிட்டு.” அவங்க வலது கன்னம் வெந்து கொப்பளிச்சிருந்துச்சு. “மோட்டாரு சத்தத்துல சரியா கேக்கல. அதான் ஒட்டி நின்னேன்.”

“எந்த மோட்டாரு?”

கையைக் காட்டினாங்க. ஜெனரேட்டர். டுர்ர்ர்னு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மேட்டுல இருந்த அங்கமுத்துவைப் பின்னால கேட்டேன். காலையிலேருந்து அது நிக்கவே இல்லைன்னான். அந்தச் சத்தத்துல நான் கத்தினது அவனுக்குக் கேக்கவும் இல்ல. தாழ்ப்பாளை அவன் தொடல. அன்னிக்குச் சாயங்காலம் சுத்தியலால அடிச்சுப் பாத்தாங்க, அந்தத் துருப்பிடிச்ச தாழ்ப்பாள் அசையல. உண்ணாமலை ஒரு விரலால தள்ளினேன்னாங்க.

ஆனா அப்ப எனக்கு அதெல்லாம் தோணல. ஒரே ஒரு கேள்விதான் தோணுச்சு.

“தகரத்துல காது வெச்சு என்னம்மா கேட்டீங்க?”

“அவரு பேச்சு.” சாதாரணமா சொன்னாங்க. “இருவத்தெட்டு வருசம் கேட்ட கொரலு. எனக்குத் தெரியாதா?”

அது ஹெட்போன்ல, என் காதுக்குள்ள மட்டும் கேட்ட குரல். அதை இங்க குறிச்சு வெச்சுக்குங்க.

“நான் அழுதது கேக்கலியா?”

“கேட்டுச்சு.”

“கேட்டும் ஏம்மா தொறக்கல?”

“தொறந்தா அவரு பேச்சு நின்னுடும்னு தோணுச்சு. அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்காத்தான் பேசுறாரு. இன்னொருக்கா, இன்னொருக்கான்னு நின்னுட்டேன்.” இலையில சோத்தை எடுத்து வெச்சாங்க. “கடைசியா ‘அப்பறம் எனக்குத் தெரியாது’ன்னாரு பாருங்க. அதுக்கு மேல கேக்க முடியல. அதான் தொறந்தேன்.”

அப்பறம் என் முகத்தைப் பாத்துக் கேட்டாங்க. “ஏன் சார், அவரு நல்லாத்தான் இருந்தாருன்னு மிசின்ல வந்துச்சுன்னு சொன்னீங்களே. நல்லா இருந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சுது?”

மயக்கம் வந்த மாதிரி கண்ணை மூடிக்கிட்டேன்.

ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரிக்கு மேகலா வந்தா. அழுதுட்டா. “நான் சும்மா இருந்தேன்னு நெனைக்காதீங்க சார். உங்க புள்ளி பச்சையாத்தான் இருந்துச்சு. 12.15லேருந்து அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ‘கப்பல் நலம்’ வந்துக்கிட்டே இருந்துச்சு. ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்.”

நான் நலம் அழுத்தவே இல்லை. வெட்டின பெட்டியில அழுத்தினாலும் போகாது.

ஒரு தாளை நீட்டினா. கம்ப்யூட்டர் பதிவு. மொத்தம் பதினொண்ணு. 12.15லேருந்து 1.05 வரைக்கும். பதினொண்ணுக்கும் எதுக்க ஒரே மாதிரி எழுதியிருந்துச்சு.

கையால் பதியப்பட்டது. பதிந்தவர்: மணிமாறன்.

“கன்ட்ரோல் கம்ப்யூட்டர்லதான் சார் கையால போட முடியும். நீங்க குவாரியில இருந்தீங்க. நாங்க நாலு பேரு அதைச் சுத்தி உக்காந்திருந்தோம். யாரும் தொடல. எப்படி சார்?”

நான் நேரத்தைப் பாத்துக்கிட்டு இருந்தேன். செகண்டோட போட்டிருந்துச்சு. 12.15.09. 12.20.31. 12.25.04. எனக்கு வேற தாளைப் பாக்கவே வேணாம். இருந்தாலும் போன வருஷ ஜூன் 4 பதிவை எடுத்துட்டு வரச் சொன்னேன். ஒரு செகண்ட் மாறல.

இப்ப சொல்லிடுறேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை.

போன வருஷம் 12.10க்குக் கப்பலை வெட்டினது நான். முதல் தடவை ஒட்டல, இன்னொரு தடவைன்னா அரை மணி நேரம் ஆகும். அதிகாரிங்க நின்னுக்கிட்டு இருக்காங்க, பந்தியில பிரியாணி போட்டாச்சு. சிவப்புப் புள்ளி தெரிஞ்சா மானம் போயிடும். ஒட்டுறதை விட்டுட்டு கை நலம் போட்டேன். 12.15லேருந்து 1.45 வரைக்கும், பத்தொம்பது தடவை. பேசிக்கிட்டே, சிரிச்சுக்கிட்டே, இடது கையால. யார் போட்டதுங்கிறது உள்பதிவுலதான் இருக்கும், விசாரணைக்கு வந்தவங்க அதைக் கேக்கல.

திரையோட மூலையில இன்னொரு எண் ஏறிக்கிட்டு இருந்துச்சு. ‘தள்ளிய அழைப்புகள்’. ஒரு அதிகாரி என்னன்னு கேட்டாரு. “சோதனைக்கு நாங்களே விடுற போலி அழைப்பு சார். ஒண்ணுகூட உள்ள வரல பாருங்க”ன்னேன். கைதட்டினாங்க. அந்த எண் 214 வரைக்கும் போய் நின்னுச்சு.

அவரு ஏதோ தெரியாம பட்டனை அழுத்திக்கிட்டு இருக்காருன்னு நெனச்சேன்.

முதல் நூறு வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்.

வேலையை விட்டுட்டேன். உடையார்பாளையத்துக்கே வந்துட்டேன். ரெண்டு மாசம் ஒண்ணும் இல்லை. போன ஞாயித்துக்கிழமை மத்தியானம், பொண்டாட்டி கோயிலுக்குப் போயிருந்தா. வூட்டுல நான் மட்டும். குளிக்கப் போனேன். குளிச்சு முடிச்சுக் கதவைத் தள்ளினா தொறக்கல. வெளித் தாழ்ப்பாள் போட்டிருந்துச்சு. கத்தல. தட்டல. மூலையில உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல டக்னு தானா தொறந்துக்கிச்சு. வாசக்கதவு உள்பக்கம் நான் பூட்டினது பூட்டினபடி இருந்துச்சு.

சாயங்காலம் மேகலா போன் பண்ணினா. “சார், ஆபீஸ் பூட்டிக் கிடந்துச்சு, மிஷின் எல்லாம் ஆஃப்ல இருந்துச்சு. இப்பத்தான் வந்து போட்டேன். ஆனா அந்தப் பதிவுல இன்னிக்கு மத்தியானம் இன்னொண்ணு ஏறியிருக்கு. பன்னெண்டாவது. 1.10க்கு. கப்பல் நலம். உங்க பேருலதான்.”

வூட்டுல இருக்கிற எல்லாக் கதவுலயும் வெளித் தாழ்ப்பாளைக் கழட்டிட்டேன். பொண்டாட்டி காரணம் கேக்குறா. இன்னும் சொல்லல.

பத்தொம்பதுல பன்னெண்டு போச்சு. இன்னும் ஏழு இருக்கு.